எல்லா மீனும் மேலே வந்து வாய் திறந்தால், முதலில் தண்ணீரை மாற்றுங்கள்

தொட்டி மீன்கள் எல்லாம் ஒன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் மருந்து வாங்க ஓடாதீர்கள். அடியில் கிடக்கும் எச்சத்தோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கிவிட்டு, அதே சூட்டில் உள்ள புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

நோய் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீனில்தான் தொடங்கும். எல்லாமே ஒரே நேரத்தில் தவித்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும். 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். வவுனியா, கிளிநொச்சி வெயிலில் தொட்டி 32 பாகைக்குப் போனால் 7 அளவில்தான் கரையும். மிஞ்சிய சாப்பாடு அழுகி வரும் அமோனியா செவுளையும் புண்ணாக்கும். இந்த நிலையில் போமலின் (கிருமி கொல்லும் ஒரு இரசாயனம்) கலந்த மருந்தை விட்டால் இருக்கிற ஒட்சிசனும் குறையும், பாவம் மீன்கள்.

குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இறைத்தவுடன் ஒட்சிசன் குறைவாக இருக்கலாம். இரண்டு வாளிகளில் பத்துத் தடவை மாற்றி ஊற்றிய பிறகு விடுங்கள்.

பைட்டர், கௌராமி மீன்கள் இடைக்கிடை மேலே வந்து காற்றெடுப்பது இயல்பு. ஒரு மீன் மட்டும் தவித்தாலோ, உடம்பில் உப்புத்தூள் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் இருந்தாலோ அது நோயாக இருக்கலாம். அப்போது தண்ணீர் மாற்றுவது மட்டும் போதாது.