சிறுவர் கேஸ் பாக்குறவங்க தங்களோட மனசு விசயத்துல செய்யுற தவறுகள்

மூனு மாசத்துக்கு முன்ன, நுவரெலியா மாவட்டத்துல சிறுவர் பாதுகாப்பு வேலைக்கு புதுசா வந்த ஒரு தங்கச்சி கோல் எடுத்து, "அக்கா, நான் இந்த வேலைக்கு சரிவர மாட்டேன் போல, ஒரு பிள்ளை சொன்னத கேட்டு நாலு நாளாச்சு, சோத்துல கைய வச்சா உள்ள எறங்க மாட்டேங்குது"ன்னு அழுதா. அவகிட்ட அன்னைக்கு ஒரு மணித்தியாலம் பேசுனதத்தான் இங்க எழுதுறேன். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருங்க, நன்னடத்தை உத்தியோகத்தருங்க, பொலிஸ்ல சிறுவர் மகளிர் பிரிவுல இருக்கவங்க, கவுன்சிலிங் செய்யுறவங்க, டீச்சருங்க, தோட்டத்து மிட்வைப், பிள்ளக்காம்பரால (தோட்டத்து பிள்ளை பராமரிப்பு நிலையத்துல) நிக்கிற அக்கா, எல்லாருக்கும்தான்.

மொதல்ல ஒன்ன சொல்லிடுறேன், பிள்ளைங்களுக்கு நடந்த துஷ்பிரயோகத்த கேட்டுக் கேட்டு நம்ம மனசு பாதிக்கப்படுறது மனசு பலவீனமானவங்களுக்கு மட்டும் வர்ற வருத்தம் இல்ல. அமெரிக்க மனநல சங்கம் 2013ல வெளியிட்ட டிஎஸ்எம் 5ங்குற மனநோய் வகைப்பாட்டு கையேட்டுல, பிடிஎஸ்டிக்கு, அதாவது கொடூரமான அனுபவத்துக்கு பிறகு வர்ற மனவருத்தத்துக்கு, காரணமாகக்கூடிய அனுபவங்கள்ல ஒன்னா, வேலை காரணமா கொடூரமான விபரங்கள திரும்பத் திரும்ப கேக்குறதையும் சேத்திருக்காங்க, அதுக்கு அவுங்க சொல்ற உதாரணங்கள்ல ஒன்னே சிறுவர் துஷ்பிரயோக விபரங்கள கேக்குற பொலிஸ்காரங்கதான். அதுக்கு ரொம்ப முந்தி 1990லயே மெக்கான், பேர்ல்மன்னு ரெண்டு உளவியலாளருங்க, இப்பிடி கேட்டுக்கிட்டே இருக்கவங்களுக்கு ஒலகத்து மேல உள்ள நம்பிக்கையே மாறிப்போகும்னு எழுதுனாங்க. வேலை கூடுனதால வர்ற களைப்பு லீவு எடுத்தா கொஞ்சமாவது கொறையும், இது லீவுலயும் கூடவே வரும்.

நாங்க செய்யுற தவறுகள்ல எனக்கு பெருசா தெரியுறது, "போகப் போக பழகிடும்"ங்குற பேச்சு. மூத்தவங்க நல்ல மனசோடதான் சொல்றாங்க, நானும் பல பேருக்கு சொல்லியிருக்கேன். எனக்கும் பழகுச்சு. அஞ்சாவது வருசம்னு நெனக்கிறேன், ஒரு மத்தியானம் ஒரு சின்னப்பிள்ளை எனக்கு முன்னால ஒக்காந்து, கம்பளிச் சட்டை கையில பிரிஞ்சு தொங்குன நூல விரல்ல சுத்திச் சுத்தி இறுக்கிக்கிட்டே பேசுது, விரல் நுனி செவந்து ஊதா கலருக்கு போகுது, நான் அத பாக்குறேன் ஆனா ஒன்னும் தோணல, பாரத்துல அடுத்த கட்டத்த நெரப்புறேன். பிள்ளை பேச்ச நிப்பாட்டிட்டு கேட்டுச்சு, "மிஸ்ஸுக்கு தூக்கம் வருதா? நான் பொறகு சொல்லவா?"

அதுக்கு பிறகு அந்தப் பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்த மிச்சம் சொல்லல. வேற ஒரு கவுன்சிலர்கிட்டதான், ரொம்ப நாள் கழிச்சு, சொல்லுச்சு. நான் தைரியம்னு நெனச்சுக்கிட்டு இருந்தது மரத்துப்போனது. பெரியவங்க மொகத்த பாத்து பாத்துத்தான் இந்தப் பிள்ளைங்க உயிர் பொழச்சிருக்காங்க, நம்ம மொகத்துல ஒன்னும் இல்லாட்டி "நான் சொல்றது பெரிய விசயம் இல்ல போல"ன்னு நெனச்சுக்குவாங்க, நாம ஒடஞ்சு அழுதா நம்மள காப்பாத்த பேச்ச நிப்பாட்டிடுவாங்க. கண் கலங்குறது குத்தமில்ல, பிள்ளை நம்மள தேத்துற நெலைக்கு மட்டும் வந்துடக் கூடாது. கொஞ்ச நாளா எந்த கேஸ கேட்டாலும் ஒன்னுமே தோணலன்னா, அத கெட்டிக்காரத்தனம்னு எடுத்துக்காதீங்க, யார்கிட்டயாவது பேசவேண்டிய நேரம் அது.

நம்ம மலையகத்துக்கே உரிய இன்னொன்னு இருக்கு, அத பத்தி யாரும் பேசுறதில்ல. பிள்ளை தமிழ்ல சொல்லும், வாக்குமூலத்த பல எடத்துல சிங்களத்துலதான் எழுதுவாங்க, தமிழ் தெரிஞ்ச அதிகாரி அன்னைக்கு இல்லாட்டி பக்கத்துல யாரு தமிழ் ஆள் இருக்காங்களோ அவுங்கள இழுத்து ஒக்கார வச்சிடுவாங்க. மொழிபெயர்க்குறவங்க "அவ இப்பிடி சொல்றா"ன்னு சொல்ல மாட்டாங்க, பிள்ளை சொன்ன மாதிரியே "எனக்கு இப்பிடி செஞ்சாரு"ன்னுதான் சொல்லணும். யோசிச்சுப் பாருங்க, அந்தப் பிள்ளைக்கு நடந்த ஒவ்வொன்னும் "எனக்கு, எனக்கு"ன்னு ஒங்க வாயாலயே வெளிய வருது. ஒரு தரம் நான் அப்பிடி ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்துட்டு வெளிய வந்து, பீலித் தண்ணியில வாய கொப்புளிச்சுக்கிட்டே நின்னேன், கசப்பு போகவே இல்ல. "சரி மிஸ், தேங்க்யூ"ன்னுட்டு எல்லாரும் போயிட்டாங்க, நான் பஸ் ஏறிட்டேன்.

அந்த பஸ் ஏறுனதுதான் தவறு. மொழிபெயர்க்கப் போறவங்ககிட்ட என்ன மாதிரி விசயம்னு முன்கூட்டியே சொல்லணும், முடியாதுன்னா முடியாதுன்னு சொல்ல எடம் குடுக்கணும், நடுவுல ஒரு ப்ளேன்டி குடிக்கவாவது விடணும். முடிஞ்ச ஒடனே பத்து நிமிசம் ஒருத்தரோட ஒக்காந்து, தன்னோட சொந்தக் குரல்ல, "நான் இன்னைக்கு மொழிபெயர்த்தேன், நடந்தது எனக்கில்ல"ன்னு வாய்விட்டு சொல்லிட்டு எந்திரிக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும், செஞ்சு பாத்தா வித்தியாசம் தெரியும்.

இதோட சேந்ததுதான் தேவைக்கு மேல விபரம் கேக்குறது. டீச்சர் கேப்பாங்க, தோட்டத்துல ஒருத்தர் கேப்பாரு, பொலிஸ் கேக்கும், சட்ட வைத்திய அதிகாரி கேப்பாரு, நாமளும் முழுசா கேப்போம். இப்பிடி திரும்பத் திரும்ப கேக்குறத கொறைக்க, பிள்ளை சொல்றத வீடியோவுல பதிவு பண்ணி அத கோட்ஸ்ல சாட்சியா குடுக்க 1999ஆம் ஆண்டு 32ஆம் இலக்க சட்டத்துலயே எடம் இருக்கு. பிள்ளைக்கு தங்குற எடம் தேடுறதுதான் ஒங்க வேலைன்னா, நடந்தது முழுக்க ஒங்களுக்கு தெரிய வேணாம். அப்பிடி கேக்காம விட்டா பிள்ளைக்கும் ஒங்களுக்கும் ஒரு தடவ மிச்சம்.

அடுத்தது, எல்லாத்தையும் முழுங்குறது, இல்லாட்டி தேநீர் நேரத்துல கொட்டிடுறது. நம்ம டவுன்லாம் சின்னது, ஹட்டன் பஸ்ல ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்குறது சந்தேக நபரோட மச்சானா கூட இருக்கலாம், அதனால பாதிப் பேரு வாயே தொறக்குறதில்ல. மத்தவங்க வட்ஸ்அப் குரூப்ல எழுதி, சும்மா இருந்த நாலு பேரு தூக்கத்தையும் கெடுத்து, பிள்ளையோட ரகசியத்தையும் வெளிய விட்டுடுறாங்க. நான் கடைப்பிடிக்குறது இதுதான்: பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றதில்ல, எனக்கு என்ன செய்யுதுன்னு சொல்றேன். "இன்னைக்கு ஒரு கேஸ் கேட்டேன், நெஞ்சு பாரமா இருக்கு, கொஞ்சம் பக்கத்துல இரு"ன்னு வீட்டுல சொல்ல பேரோ ஊரோ தேவையில்ல.

நான் சொல்லாம இருந்து என்ன ஆச்சுன்னா, என் தம்பி ஞாயித்துக்கிழமையில வருவான், "மாமா"ன்னு ஓடுன என் மகள ஒரு நாள் கையப்புடிச்சு இழுத்து வச்சிட்டேன். அவன் ஒரு தப்பும் செய்யாதவன். அவனுக்கு வெளங்கிடுச்சு, ஒன்னும் பேசல, வாங்கியாந்த பிஸ்கட்ட மேசையில வச்சிட்டு போனவன் ஆறு மாசம் வரல. பிள்ளைங்கள கவனமா பாக்குறது வேற, வேலையில கேட்ட மொகங்கள எல்லாம் வீட்டு ஆம்பளைங்க மேல ஒட்டுறது வேற. அத பிரிச்சுப் பாக்க முடியாம போறதுதான் இந்த வருத்தத்தோட அடையாளம், அப்ப எனக்கு அது தெரியல.

சொந்த நம்பர பிள்ளைக்கு குடுத்து "எப்ப வேணும்னாலும் எடு, நான் பாத்துக்கிறேன்"னு சொல்லாதீங்க, நம்மால முடியாத அன்னைக்கு பிள்ளை இன்னொரு தரம் ஏமாந்துடும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட 1929 நம்பர் இருபத்திநாலு மணித்தியாலமும் இருக்கு, அத மனப்பாடமாக்கி குடுங்க. தூக்கத்துக்கு பார்மசியில தானா மாத்திர வாங்குறதும், இரவுல ஒரு கிளாஸ்னு ஆரம்பிக்கிறதும் வேணாம்.

மேலதிகாரிங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருசத்துக்கு ஒரு நாள் செயலமர்வு வச்சு சாப்பாடு குடுத்து சான்றிதழ் குடுக்குறது போதாது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா கேஸ் பத்தி பேச ஒருத்தர், பாரமான கேஸ் எல்லாம் ஒரே ஆள் தலையில விழாம பிரிச்சுக் குடுக்குறது, தோட்டத்துக்கு தனியா அனுப்பாம ரெண்டு பேரா அனுப்புறது, இதெல்லாம் பெரிய செலவில்ல. வாகனம் ஓட்டுற அண்ணனையும் சேத்துக்கோங்க, பின் சீட்ல பிள்ளை அழுதுகிட்டு வர்றத முழுக்க கேக்குறவர் அவர். வழக்கு வருசக்கணக்கா இழுபட்டு மேல் நீதிமன்றத்துல சாட்சிக்கு கூப்புடுறப்போ, மறந்ததுன்னு நெனச்சதெல்லாம் அப்பிடியே எழும்பி வரும், அன்னைக்கும் அடுத்த நாளும் அந்த ஆளுக்கு புது கேஸ் குடுக்காதீங்க.

அந்தத் தங்கச்சி இப்ப வெள்ளிக்கிழமைகள்ல பஸ்ஸுக்கு நிக்கிற நேரம் எனக்கு கோல் எடுக்குறா, இன்னும் வேலையிலதான் இருக்கா. அப்பிடி ஆள் இல்லாதவங்க, கெட்ட கனவு, திடுக்கிட்டு முழிக்கிறது, எரிச்சல், யாரையும் பாக்கப் புடிக்காம இருக்குறதுன்னு ஒரு மாசம் தாண்டியும் கொறையலன்னா வைத்தியர பாருங்க, இல்லாட்டி தேசிய மனநல நிறுவகத்தோட 1926க்கு எடுங்க. என்ன சொல்றதுன்னு தயங்க வேணாம், "சிறுவர் கேஸ் பாக்குற வேலை செய்யுறேன், தூக்கம் வருதில்ல"ன்னு ஆரம்பிச்சா போதும், கேஸ் விபரம் ஒன்னும் சொல்ல தேவையில்ல.