வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபரில் பந்தல்குடி வாய்க்கால் பெருகிச் செல்லூர்த் தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய நாள்களில் கொசுவைப் பற்றிய பயமெல்லாம் தெருவில் தேங்கிய கலங்கல் தண்ணீர் மீதே இருக்கும். முதல் தவறு அதுதான். சாக்கடைத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்ற கொசு வகை. இரவில் கடிக்கும், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரைத் தேடி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

பெருவெள்ளம் கொசுப்புழுக்களையும் அடித்துக்கொண்டு போவதால் முதல் சில நாள் தொல்லை குறைந்ததுபோல் இருக்கும். அதை நம்பி அசந்துவிடக் கூடாது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது நோயாளியைக் கடித்து, கிருமி அதன் உடலில் பெருகி, அடுத்தவருக்குப் பரவ மேலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஊர் வெள்ளத்தை மறந்த சமயத்தில்தான் காய்ச்சல் தலைகாட்டும்.

குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது டிரம், அண்டா, குடம் என அத்தனையிலும் பிடித்து வைக்கிறோம். பிடித்து வைப்பதில் குற்றமில்லை. மூடாமல் விடுவதும், பாதி தீர்ந்ததும் கழுவாமல் மேலேயே நிரப்புவதும்தான் வினை. டிரம்மின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுப்பொடி ஒட்டியதுபோல் கறுப்பாகத் தெரிபவை ஏடிஸ் முட்டைகளாக இருக்கலாம். காய்ந்தாலும் பல மாதம் சாகாமல் கிடந்து, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். மாடியில் கிடக்கும் ஆட்டுரல், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், சிரட்டை இவற்றையும் விடாதீர்கள்.

கொசுப்புழுவைக் கொல்ல தண்ணீரில் ஊற்றும் அபேட் மருந்தோடு வரும் மாநகராட்சிப் பணியாளரைத் தண்ணீர் கெட்டுவிடும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அளவோடு ஊற்றினால் குடிநீருக்குக் கேடில்லை. அதே ஆள்கள் புகை அடிக்கவில்லை என்று கவுன்சிலரிடம் சண்டை போடுவது வேடிக்கை! புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்முக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது.

ஏடிஸ் பகலில் கடிப்பது. எனவே இரவில் மட்டும் கொசுவர்த்தி ஏற்றிவிட்டு, மதியம் தூளியில் தூங்கும் குழந்தைக்கு வலை போடாமல் விடாதீர்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் மருந்துக் கடையில் கலவை மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். பாரசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. வெள்ளத்தில் நடந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று நினைப்பது. டெங்கு முற்றுவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு தணியும் நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு என ஒன்று தெரிந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த இரவே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள்.