ஏர் பிஸ்டலுக்கு எடை குறைந்த ஈய பெல்லட் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாகப் பழகுவோருக்கு

சேலத்தில் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழகத் தொடங்கும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் முதலில் கேட்பது, "எந்த பெல்லட் வாங்கலாம்?" என்பதுதான். பெல்லட் என்பது அதில் போட்டுச் சுடும் சிறு உலோகக் குண்டு. கடையில் கூர்முனை, உருண்டைத்தலை, தட்டைத்தலை என்று டப்பாக்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எடை வேறு, விலை வேறு. என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் டார்கெட்டுக்குத் தட்டைத்தலை கொண்ட, ஏறக்குறைய 0.45 கிராம் எடையுள்ள ஈய பெல்லட் போதும். அதில் உங்கள் பிஸ்டலுக்கு ஒத்துவருவது எது என்று கண்டுபிடித்து, அதையே தொடர்ந்து சுடுங்கள்.

சட்டம் பற்றி இரண்டு வரி. 4.5 மி.மீ. குழல் விட்டம், 20 ஜூல் ஆற்றல் என்ற வரம்புகளைத் தாண்டாத ஏர் பிஸ்டலுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துத் தோட்டா செய்வது அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் இந்தப் பதிவு முழுக்க முழுக்கக் கடையில் கிடைக்கும் பெல்லட் பற்றியது.

படி 1: டப்பாவில் எடையைப் பாருங்கள்

எடை கிராமிலோ கிரெயினிலோ போட்டிருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். 7 கிரெயின் என்றால் 0.45 கிராம், இது பிஸ்டலுக்கென்று வருவது. 8.2 கிரெயின் என்றால் 0.53 கிராம், இது பெரும்பாலும் ரைஃபிளுக்கு. இரண்டுமே 4.5 மி.மீ. என்பதால் குழலுக்குள் இரண்டும் போகும். கடைக்காரர் ரைஃபிள் டப்பாவை எடுத்துக் கொடுத்தாலும் வித்தியாசம் தெரியாமல் வாங்கி வந்துவிடுவீர்கள். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

படி 2: எடை குறைந்தது ஏன் நல்லது என்று புரிந்துகொள்ளுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

ஒரே பிஸ்டல் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் பெல்லட்டுக்குக் கொடுக்கிறது. எடை குறைந்தால் வேகம் கூடும். போட்டிகளில் பயன்படும் காற்றழுத்த பிஸ்டல் 0.45 கிராம் பெல்லட்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் 5 ஜூல் வருகிறது. அதே 5 ஜூலில் 0.53 கிராம் பெல்லட் 138 மீட்டர் வேகத்தில்தான் போகும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், 10 மீட்டர் போவதற்குள் முதலாவது 22 மி.மீ. தாழ்கிறது, இரண்டாவது 26 மி.மீ. தாழ்கிறது. நான்கு மி.மீ. வித்தியாசம்.

இப்போது வீட்டில் வைத்துப் பழக வாங்கும் சாதாரண ஸ்பிரிங் பிஸ்டலுக்கு (ஸ்பிரிங் ஒரு பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்தும் வகை) வருவோம். நொடிக்கு 100 மீட்டர் வேகம் என்று கொள்ளுங்கள். 0.45 கிராம் பெல்லட் 49 மி.மீ. தாழும், 0.53 கிராம் பெல்லட் 58 மி.மீ. தாழும். ஒன்பது மி.மீ. என்பது ஏர் பிஸ்டல் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் கொஞ்சம் கூட. பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 27.5 மி.மீ.; பக்கத்துக்கு எட்டு மி.மீ. இடைவெளி.

"குறிபார்க்கும் சைட்டைத் திருகிச் சரிசெய்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். சராசரித் தாழ்வைச் சரிசெய்யலாம். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் வேகம் கொஞ்சம் மாறுமே, அதைச் சைட் சரிசெய்யாது. 100 மீட்டர் வேக பிஸ்டலில் ஒரு ஷாட் 3 சதவீதம் மெதுவாகப் போனால் 3 மி.மீ. கீழே விழும். 150 மீட்டர் வேகத்தில் அதே 3 சதவீதம் 1.4 மி.மீ.தான். மெதுவான பிஸ்டலில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீளவாக்கில் பரவுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே உங்கள் பிஸ்டல் எவ்வளவு பலம் குறைந்ததோ, அவ்வளவுக்கு எடை குறைந்த பெல்லட்டின் பயன் அதிகம்.

கையைப் பொறுத்தும் ஒரு நன்மை உண்டு. ட்ரிகர் விடுபட்ட பிறகும் பெல்லட் ஒரு கணம் குழலுக்குள்தான் இருக்கிறது. அந்தக் கணத்தில் மணிக்கட்டு இறங்கினால் ஷாட்டும் இறங்கும். எடை குறைந்த பெல்லட் சீக்கிரம் வெளியேறிவிடும். வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் இதை மட்டும் நம்பி ட்ரிகர் பழக்கத்தைத் தளர விடாதீர்கள்.

எடை குறையக் குறைய நல்லது என்றும் இல்லை. ஈயமில்லாத, மிகவும் லேசான பெல்லட்டுகளும் கிடைக்கின்றன. ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட்டின் எதிர்ப்புதான் பிஸ்டனுக்கு முன்னால் காற்றை அடைத்து அதைத் தாங்குகிறது. அந்த எதிர்ப்பு குறைந்தால் பிஸ்டன் முட்டும், பிஸ்டல் அதிரும். 0.45 கிராமுக்குக் கீழே போக வேண்டிய அவசியம் புதியவருக்கு இல்லை.

படி 3: தட்டைத்தலையைத் தேர்ந்தெடுங்கள்

தட்டைத்தலை பேப்பரை வட்டமாக வெட்டிவிட்டுப் போகும். கூர்முனை பேப்பரைக் கிழிக்கும். ஓட்டையின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பு கிடைக்கும் என்பதால், விளிம்பு சுத்தமாக இருந்தால்தான் ஸ்கோர் சண்டை இல்லாமல் படிக்க முடியும். கூர்முனை வாங்கி மலையில் குருவி, அணில் மேல் குறிவைக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. காட்டுப் பறவையைச் சுடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பிஸ்டல் ரேஞ்சுக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 4: வெள்ளைத் துணியில் கொட்டிப் பாருங்கள்

பெல்லட்டின் இடை ஒடுங்கி, பின்பக்கம் மெல்லிய விளிம்பாக விரிந்திருக்கும். சுடும்போது காற்றழுத்தத்தில் அந்த விளிம்பு விரிந்து குழலின் உட்புறச் சுருள் வரிகளைக் கவ்வுகிறது. ஈயம் மென்மையான உலோகம். டப்பா பார்சலில் குலுங்கி வந்தால் விளிம்பு நசுங்கிவிடும். ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவமாகத் தெரிந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றை வார்ம்-அப் ஷாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 5: எடை போடுங்கள்

இதில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சொந்தக்காரரோ நண்பரோ பலருக்கும் இருப்பார்கள். மில்லிகிராம் காட்டும் தராசு அவர்களிடம் இருந்தால், "அண்ணே, இதைக் கொஞ்சம் எடை போட்டுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். தட்டில் ஒரு காகிதம் போட்டு, பூஜ்ஜியம் வைத்து, ஒவ்வொரு பெல்லட்டாக வையுங்கள். டப்பாவில் 0.45 என்று போட்டிருந்தால் 0.447, 0.452 என்று திரையில் வரும். எண்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு ஒழுங்கான டப்பா. மொத்த டப்பாவையும் போட வேண்டாம். இருபது பெல்லட் போட்டாலே தெரிந்துவிடும்.

படி 6: சுட்டுப் பார்த்து முடிவெடுங்கள்

எடை சரி என்பதற்காக உங்கள் குழலுக்கு ஒத்துவரும் என்று அர்த்தமில்லை. தலையின் விட்டம் 4.49, 4.50 என்று சிறு வித்தியாசங்களில் வருகிறது. முடிந்தால் இரண்டு மூன்று வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்கள்.

மேசையில் மணல் பை போட்டு, இரண்டு கையாலும் பிடித்து, 10 மீட்டரில் ஒரே உட்காரலில் ஒவ்வொரு வகையிலும் ஐந்து ஐந்து ஷாட்டாக மூன்று பேப்பர் சுடுங்கள். வகை மாற்றியதும் முதல் சில ஷாட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து, அதில் 4.5 கழியுங்கள். அதுதான் அந்த குரூப்பின், அதாவது ஓட்டைகள் சேர்ந்து விழுந்த கூட்டத்தின் அளவு. பத்தாம் வளையத்தின் 11.5 மி.மீ.க்குள் பேப்பருக்குப் பேப்பர் அடங்கி நிற்கும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். குரூப் டார்கெட்டின் நடுவில் விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அது சைட் வேலை, கடைசியில் செய்துகொள்ளலாம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 221.7 எடுத்து வெண்கலம் வென்றார். அடுத்த இடத்துக்குப் போக முடியாமல் போனது 0.1 புள்ளியில். இந்த டார்கெட்டில் 0.1 என்பது 0.8 மி.மீ. அந்த உயரத்தில் இருப்பவர்கள் பெல்லட் லாட்டை (ஒரே தடவையில் தயாரான தொகுதியை) சோதித்து வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கையில் பிடித்துச் சுடும்போது ஷாட்டுகள் ஏழாம் வளையம்வரை பரவும் நிலையில் இருப்பவருக்கு, நல்ல டப்பா ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிட்டு ட்ரிகரைப் பழகுவதுதான் வேலை.

ஏற்காட்டில் படித்துக்கொண்டு விடுமுறைக்குக் கீழே வரும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. ஸ்பிரிங் பிஸ்டல் தான் இழுக்கும் காற்றையே அழுத்துவதால் அங்கே வேகம் கொஞ்சம் மாறலாம். மேலே போனதும் ஐந்து ஷாட் சுட்டு சைட்டைச் சரிபாருங்கள்.

படி 7: பத்திரமாக வையுங்கள், கையைக் கழுவுங்கள்

மலைப் பனியில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அப்படிப் பூத்ததைச் சுடாதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

ஈயம் விஷம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு பிஸ்டலைத் திறக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைத் தொடாதீர்கள். டார்கெட் பெட்டிக்கு முன்னால் உள்ள தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். சுட்டு நசுங்கிய பெல்லட்டுகளை மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, ஈயம் எடுக்கும் பழைய உலோகக் கடையில் போட்டுவிடலாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் வீட்டு அடுப்பிலேயே உருக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். சமையலறைப் பாத்திரத்திலும் சுவரிலும் ஈயம் படிந்துவிடும், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.