நாட்டு வருமானம் கூடிருச்சுன்னு சொன்னா நம்ம வீட்ல எப்பிடி சரிபாக்குறது

தலா வருமானம்னு நியூஸ்ல சொல்றது முழு நாட்டு வருமானத்தையும் சனத்தொகையால பிரிச்சு வர்ற கணக்கு, கொழும்புல கம்பனி நடத்துறவரும் மஸ்கெலியா தோட்டத்துல தேயிலக் கொழுந்து எடுக்குற அக்காவும் அதுல ஒண்ணாத்தான் வருவாங்க. 2019ல ஒலக வங்கி நம்ம இலங்கைய மேல் நடுத்தர வருமான நாடுன்னு ஏத்தி வச்சிச்சு, அடுத்த வருசமே எறக்கிருச்சு. அந்த 2019லயும் நம்ம தோட்டத் தொழிலாளிங்க நாட்சம்பளம் ஆயிரம் ரூவா கேட்டு போராடிக்கிட்டுதான் இருந்தாங்க, அது கெடைச்சது 2021ல.

அதனால மொதல்ல சம்பளச் சீட்ட எடுங்க. நாட்சம்பளத்த பாக்காதீங்க, எத்தன பேரு (முழுநாள் வேலைன்னு பதிஞ்சது) விழுந்திருக்கு, எடுத்த கொழுந்து கிலோ கொறஞ்சு எத்தன அரைப்பேரு (அரைநாள்), ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), அட்வான்ஸ் எல்லாம் வெட்டி கைக்கு என்ன வந்துச்சுன்னு பாருங்க. அந்தக் காசுக்கு போன வருசம் எத்தன கிலோ கோதும மா வாங்குனீங்க, இப்ப எத்தன? 2022 செப்டம்பர்ல வெலவாசி ஒரு வருசத்துல கிட்டத்தட்ட 70 வீதம் ஏறிருச்சு, ரூவா கணக்கு மட்டும் பாத்தா அது தெரியவே தெரியாது.

காசு கணக்கு அவ்வளவுதான், இனி அந்தக் காசால வீட்ல சந்தோசம் கூடிருக்கான்னு பாப்போம். ஒலக சந்தோச அறிக்கைக்கு கேக்குற கேள்வி லேசானது: ஒரு ஏணி, கீழ 0, மேல 10, ஒங்களால வாழ முடிஞ்ச ஆக நல்ல வாழ்க்க 10ன்னா இப்ப எந்தப் படியில நிக்கிறீங்க? இத வீட்ல ஒவ்வொருத்தருக்கிட்டயும் தனித்தனியா கேளுங்க, அம்மாவுக்கு பதிலா அப்பா சொல்லக் கூடாது (அதுதான் எங்க பக்கம் எப்பவும் நடக்குது). நம்பர் மட்டும் பத்தாது, ஏன் அந்தப் படின்னு கேட்டீங்கன்னா லயத்து (தோட்டத்துல வரிசையா கட்டுன வீடு) கூர ஒழுகுறது, கக்கூசு தூரம், மகனுக்கு கொழும்புல கட வேல, கடன்னு எல்லாம் வெளிய வரும், அதுல பாதி காசு வந்தா தீர்றது, மீதி காணியும் வீடும் நம்ம பேர்ல இருந்தாத்தான் தீரும்.

ரிச்சர்ட் ஈஸ்டர்லின்ங்கிற அமெரிக்க பொருளியலாளர் 1974ல சொன்னது இங்க பொருந்துது, ஒரு நாட்டுக்குள்ள வசதியானவங்க ஏழைகள விட சந்தோசமா இருக்காங்க, ஆனா வருசக் கணக்கா நாடே வசதியானாலும் சராசரி சந்தோசம் அதே அளவுக்கு ஏறுறதில்ல, ஏன்னா ஆளுங்க பக்கத்துல இருக்கிறவங்களோட ஒப்பிட்டுத்தான் தன்ன அளக்குறாங்க. இத எல்லா பொருளியலாளரும் ஏத்துக்கல. ஆனா இல்லாதவங்க கைக்கு வர்ற அஞ்சாயிரம், இருக்கிறவங்க கைக்கு வர்றத விட நெறைய மாத்தும்ங்கிறதுல பெரிசா சண்ட இல்ல, அதனால நாட்டு வருமானம் தேவையே இல்லன்னு யாராச்சும் பேசுனா நம்பாதீங்க.

படி நம்பர், காரணம், தேதி மூணையும் கொப்பியில எழுதி அடுத்த வருசம் அதே மாசம் திரும்ப கேளுங்க. தீவாளி அட்வான்ஸ் குடுக்குற வாரத்துல மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் ரெண்டு படி மேல சொல்லிருவாங்க.