வடசென்னையிலிருந்து மேடிசனுக்குப் படிக்கச் செல்பவர்கள் வீடு பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் படிக்க இடம் கிடைத்தவுடன் நம் வீடுகளில் எல்லோருக்கும் சிகாகோதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தப் பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல நடுத்தர நகரங்களில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான மேடிசனை வைத்து இங்கே எழுதுகிறேன். விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான இவ்வூரின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 2,70,000. மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவிலுள்ள குறுகிய நிலத்தில் நகரின் மையம் அமைந்திருக்கிறது. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் மெண்டோட்டாவின் கரையில் இருக்கிறது. இத்தகைய ஊரில் ஒரு மாணவரின் நாட்கள் எப்படிக் கழியும் என்பதைப் பாடத்திட்டத்தைவிட வீடு இருக்கும் இடமே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ வளர்ந்தவருக்குத் தெருமுனைக்குப் போனால் ஷேர் ஆட்டோவும் டீக்கடையும் மெடிக்கலும் மளிகைக் கடையும் இருக்கும் என்பது யோசிக்கவே தேவையில்லாத விஷயம். மேடிசனில் பல்கலைக்கழக வளாகத்தையும் அதையொட்டிய கடைத்தெருவான ஸ்டேட் ஸ்ட்ரீட்டையும் தாண்டிவிட்டால், பல இடங்களில் வீடுகள் ஒரு பக்கமும் கடைகள் ஒரு பக்கமுமாகத் தனித்தனியே இருக்கின்றன. மாநிலத் தலைநகராக இருந்தும் அங்கே பயணிகள் ரயில் நிலையம் இல்லை; ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இதை நம்புவதே கடினம். ஆகவே மாத வாடகை நூறு டாலர் குறைகிறது என்பதற்காக ஊர் எல்லையில் வீடு பிடிப்பவர், அந்தப் பணத்தை ஜனவரி மாதத்து டாக்ஸிக்கே கொடுத்துவிடுவார்.

வீட்டுக்காரரிடமோ, ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் சீனியரிடமோ முதலில் கேட்க வேண்டியது பேருந்தைப் பற்றி. எந்தத் தடம் வருகிறது, இரவு ஒன்பதுக்கு மேல் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை என்ன நிலைமை என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாணவர்களுக்கான பேருந்து பாஸ் கல்விக் கட்டணத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. வளாகத்துக்குள் ஓடும் 80ஆம் எண் பேருந்துக்குக் கட்டணமே இல்லை. 2024 செப்டம்பரில் தொடங்கிய ரேப்பிட் ரூட் ஏ என்ற விரைவுத் தடம் நகரின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கிறது. அதன் நிறுத்தத்துக்கு நடந்து போகக்கூடிய வீடு கிடைத்தால் சற்று அதிக வாடகை கொடுப்பதில் தவறில்லை. அடுத்த கேள்வி, ஹீட்டிங் செலவு வாடகைக்குள் அடங்குமா என்பது. பழைய மரவீடுகளில் அது அடங்காவிட்டால், குளிர்கால பில்லைப் பார்த்த பிறகுதான் உண்மையான வாடகை என்னவென்று புரியும்.

தேதி விஷயத்தில் மிகவும் கவனம் வேண்டும். வளாகத்தைச் சுற்றியுள்ள வீடுகளின் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை ஆகஸ்டு 14 அன்று முடிந்து 15 அன்று புதிதாகத் தொடங்குகின்றன. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதன்முறை செல்பவர் படிப்புத் தொடங்கும் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள்தான் நாட்டுக்குள் நுழையலாம், அதற்கு முன்னால் முடியாது. விஸ்கான்சினில் இலையுதிர்காலப் பருவ வகுப்புகள் செப்டம்பர் 1க்குப் பிறகே தொடங்குகின்றன. எனவே ஆகஸ்டு 15க்கு முன் போய் இறங்குகிறவர் இடைப்பட்ட இரவுகளுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டு நாட்களில் காலிசெய்கிறவர்கள் மேசை, நாற்காலி, புத்தக அலமாரி எல்லாவற்றையும் தெருவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மரச்சாமானை எடுங்கள், மெத்தையையும் சோபாவையும் தொடாதீர்கள், மூட்டைப்பூச்சி கூடவே வந்துவிடும்.

ஆறு மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்கும் நம் ஊர் வழக்கம் அங்கே இல்லை. டெபாசிட் பெரும்பாலும் ஒரு மாத வாடகை அளவுதான். குடிபுகுந்தவுடன் கீறல், கறை, உடைந்த தாழ்ப்பாள் ஆகியவற்றைப் படம் எடுத்து முதல் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலிசெய்தபின் 21 நாட்களுக்குள் அவர் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தம் செய்திருந்தால் கணக்கு எழுதித் தர வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் பாதியில் போய்விட்டாலும் அவருடைய பங்கை மற்றவர்களிடம் கேட்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சமையலறைக்கு இங்கிருந்து குக்கர் கொண்டுபோகலாம். மிக்ஸி வேண்டாம், அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் மிக்ஸி ஓடாது. கறிவேப்பிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள்; எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் பரவும் என்பதால் அதற்குத் தடை உண்டு. எந்த உணவுப் பொருள் கொண்டுபோனாலும் சுங்கச் சோதனையில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காசிமேட்டுக் கருவாட்டைப் பொட்டலம் கட்டித் தரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: பிரச்சினை விமான நிலையத்தில் முடிந்துவிடாது. அங்குள்ள அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல்கள் குளிர்காலம் முழுவதும் மூடியே கிடக்கும், வாடையும் புகையும் வெளியே போகாது. காய்ந்த மிளகாய் எண்ணெயில் கருகும் முன்பே கூரையிலிருக்கும் புகை அலாரம் காது கிழியக் கத்தத் தொடங்கிவிடும். அதை பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது சட்டப்படி குற்றம். எக்ஸாஸ்ட் விசிறியை முதலில் போட்டு, அடுப்பை மிதமாக வைத்துத் தாளியுங்கள்.

குளிர்கால உடையில் உள்ளே போடும் தெர்மலை எம்.சி. ரோட்டிலேயே வாங்கலாம். கோட்டும் பூட்ஸும் அங்கே போய் வாங்குவதே சரி, ஏனெனில் ஜனவரி இரவுகளில் சராசரியே மைனஸ் 12 டிகிரியை ஒட்டி இருக்கும் ஊருக்கான கோட்டை நம் ஊர்க் கடைக்காரர் தானே போட்டுப் பார்த்திருக்க மாட்டார். பனியைவிட ஆபத்தானது நடைபாதையில் கண்ணாடிபோல் படிந்த பனிக்கட்டி. பாதத்தை முழுவதும் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து நடக்க வேண்டும். ஏரி உறைந்தபின் அதன் மேல் துளையிட்டுத் தூண்டில் போடுகிறவர்களை நீங்கள் பார்ப்பீர்கள். பழகியவர் துணையில்லாமல் நீங்களும் இறங்கிவிடாதீர்கள்.

மாதத்தின் முதல் புதன்கிழமை நண்பகலில் ஊர் முழுக்க ஒரு சங்கு ஊதும். அது டொர்னாடோ என்ற சுழல்காற்று எச்சரிக்கைக்கான சோதனை, பதற வேண்டியதில்லை. வேறு நேரத்தில் ஊதினால் கட்டடத்தின் பேஸ்மென்ட்டுக்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்குப் பேசும் நேரத்தையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கோடையில் அவ்வூர் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை பதினொன்றரை மணி நேரம். அங்கே இரவு எட்டுக்கு அழைத்தால், கோடையில் இங்கே காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அதிகாலையில் தண்ணீர் பிடிக்கும் வீடு என்றால் அங்கே இரவு எட்டரைக்கு அழைப்பது நல்லது.