உரம் போடும் முன் குழி தோண்டுங்கள்: மண்ணை நேரில் சோதிக்கும் முறை

இலை மஞ்சளித்ததும் யூரியாவைத் தேடுவது வழக்கமாகிவிட்டது. பல நேரங்களில் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் இருக்கவே செய்யும். அதை எடுக்கத்தான் வேருக்கு வழியிருக்காது. நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி துளைகள். பெரிய துளைகளில் காற்றும் சிறியவற்றில் நீரும் நிற்கும். வேர் மூச்சு விடுவது, மண்புழு நகர்வது, நுண்ணுயிர்கள் மட்கைச் சிதைத்துச் சத்தை விடுவிப்பது, மழைநீர் நிலத்தடிக்கு இறங்குவது எல்லாம் அந்தத் துளைகளில்தான் நடக்கின்றன. ஆய்வக அறிக்கையில் தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு எண்கள் இருக்கும். துளைகளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பொடித்துச் சலித்த மண்ணில் துளை ஏது? ஆகவே முதலில் மண்வெட்டி, பிறகு ஆய்வகம்.

குழி

நல்ல மழையோ பாசனமோ முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்துத் தோண்டுங்கள். காய்ந்த மண்ணில் எல்லா அடுக்கும் இறுக்கமாகத்தான் தெரியும். 40 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் போதும். ஒரு பக்கச் சுவரை மட்டும் மிதிக்காமல் விட்டு, அதைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாகச் சுரண்டிவிடுங்கள். மண்வெட்டி வழித்த பரப்பு துளைகளை அடைத்து மழுப்பிவிடும். சுரண்டிய பிறகுதான் உண்மையான அமைப்பு தெரியும்.

இதே போல இன்னொரு குழி, அதே மண்வகையில், உழவே படாத இடத்தில் வேண்டும். வேலியோரமோ பழைய மரத்தடியோ பொருத்தம். நூல்களில் உள்ள பொதுவான அளவுகோல்களைவிட இந்த ஒப்பீடுதான் நம்பகமானது. உங்கள் மண் எப்படி இருக்க முடியும் என்பதை அந்த இரண்டாம் குழி காட்டிவிடும். இரண்டிலும் 20 செ.மீ. நீள, அகல, ஆழமுள்ள ஒரு மண்கட்டியை வெட்டி எடுத்து, உதிர்த்து, மண்புழுக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் எண்ணாதீர்கள், புழுக்கள் ஆழத்துக்குப் போயிருக்கும்.

அடுத்து வேர்களைப் பாருங்கள். நேராக இறங்கிய வேர் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால், அங்கே உழவடி இறுக்கம் இருக்கிறது. கத்தியைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் குத்திப் பார்த்தால் அந்த அடுக்கு கைக்கே தெரியும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதும், ஈரத்தில் கனமான டிராக்டரை இறக்குவதும்தான் காரணம். ஆழ உழும் கலப்பையால் இதை உடைக்கலாம், ஆனால் அந்த அடுக்கு காய்ந்திருக்கும்போது மட்டும். ஈரமாக இருந்தால் கலப்பை வெண்ணெயில் கத்தி போல ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும், அடுக்கு நொறுங்காது. உடைத்த கையோடு ஆழ வேர்விடும் பயிர் ஒன்றை விதைக்காவிட்டால் ஓரிரு பருவத்தில் பிளவு மூடிக்கொள்ளும். ஒரு விதிவிலக்கு உண்டு. சேற்றுழவு நெல்லுக்கு அந்த இறுகிய அடுக்குதான் தண்ணீரைத் தாங்கி நிறுத்துகிறது. அடுத்துப் புஞ்சைப் பயிர் வைக்கப் போவதில்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

நிறத்தில் ஏமாறுவது எளிது. கறுப்பு என்றால் மட்கு அதிகம் என்பது கரிசலுக்குப் பொருந்தாது; அடர்ந்த கறுப்பிலும் அங்ககக் கரிமம் (மட்கில் உள்ள கார்பன்) ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது சாதாரணம். சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் தெரிந்தால் அதை நம்பலாம். நீர் தேங்கிக் காற்று இல்லாமல் போன இடத்தில் இரும்பு நிறமிழந்து கரைந்து, காற்று பட்ட இடத்தில் மீண்டும் துருவாகப் படிந்ததன் அடையாளம் அது. அழுகிய முட்டை வாடையும் வந்தால் ஐயமே வேண்டாம். அப்படிப்பட்ட மண்ணில், யூரியாவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை நுண்ணுயிர்கள் வாயுவாக மாற்றி வெளியேற்றிவிடும். வடிகால் வெட்டாமல் போடும் யூரியாவின் பெரும்பகுதி வீண்தான்.

கைப்பதமும் கண்ணாடிப் புட்டியும்

மணல் 2 முதல் 0.05 மி.மீ., வண்டல் 0.05 முதல் 0.002 மி.மீ., களி அதற்கும் கீழே. இந்த மூன்றின் விகிதத்தை உரம் போட்டு மாற்ற முடியாது; தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடக்கத்தான் முடியும். களிமண்ணில் கொஞ்சம் மணல் கொட்டினால் இளகும் என்று நம்பிச் செய்பவர்கள் செங்கல் போன்ற ஒன்றைத்தான் பெறுவார்கள். களித்துகள்கள் மணலுக்கு இடையே உள்ள வெளியை நிரப்பிவிடும். மொத்தத்தில் பாதிக்கு மேல் மணலாகும் வரை பயன் தெரியாது. வயல் அளவில் அது நடக்கிற காரியமல்ல.

கைச்சோதனைக்கு ஒரு கைப்பிடி மண்ணைக் கல், வேர் நீக்கி, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, கட்டியெல்லாம் கரையும்வரை இரண்டு நிமிடம் பிசையுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். உருண்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடா போல வெளியே தள்ளுங்கள். நாடாவே வராவிட்டால் களி கொஞ்சம் கலந்த மணல். 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் மூன்றும் கலந்த இருமண்பாடு. 2.5 முதல் 5 செ.மீ. வரை நின்றால் களி கூடிய இருமண்பாடு. அதற்கு மேலும் நீண்டால் களிமண். நறநறப்பு மணலையும், மாவு போன்ற வழவழப்பு வண்டலையும், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு களியையும் சொல்லும். சரியாகப் பிசையாவிட்டால் நுண்ணிய களிக்கட்டிகளை மணல் என்று தவறாக எண்ணிவிடுவீர்கள். இந்தச் சோதனை பிழைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

புட்டிச் சோதனை கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் துல்லியம் குறைவு. நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மேலே நீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் சேர்த்து ஐந்து நிமிடம் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிந்தது மணல், இரண்டு மணி நேரம் வரை படிந்தது வண்டல், மறுநாளோ அதற்கடுத்த நாளோ படிவது களி. களி ஊறி உப்பியிருக்கும் என்பதால் அதன் உயரம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

பிசைந்த மண் கையில் இருக்கும்போதே இன்னொன்றும் பழகிக்கொள்ளுங்கள். உழவு ஆழத்திலிருந்து அப்படியே, நீர் சேர்க்காமல், கொஞ்சம் மண் எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். 3 மி.மீ. தடிமன் வரை ஒடியாமல் உருண்டால் உழவுக்கு இன்னும் பதம் வரவில்லை. அதற்கு முன்பே நொறுங்கினால் கலப்பையை இறக்கலாம். ஈரக்களியை ஒரு முறை உழுது இறுக்கியதைச் சரிசெய்யப் பல பருவங்கள் ஆகும்.

தண்ணீர் இறங்கும் வேகம்

இரு பக்கமும் திறந்த 15 செ.மீ. விட்டமுள்ள குழாய்த் துண்டு ஒன்றை, மேலே பலகை வைத்துத் தட்டி, 7.5 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்குங்கள். உள்விளிம்பில் இடைவெளி விழுந்தால் விரலால் அழுத்தி அடையுங்கள்; இல்லாவிட்டால் நீர் ஓரமாக நழுவி, மண் நன்றாகக் குடிக்கிறது என்று பொய் சொல்லும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து 440 மி.லி. நீரை ஊற்றித் தாளை மெல்ல உருவுங்கள். அது 2.5 செ.மீ. மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்க மட்டும். அதே அளவு இரண்டாம் முறை ஊற்றி, அது மறையும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், மணிக்கு 2.5 செ.மீ. மழையைக்கூட அந்த நிலம் வாங்காது. மேல்மண் நீரோடு ஓடும். மூன்று நான்கு இடங்களில் செய்யுங்கள். வெடித்த கரிசலில் இந்த எண்ணுக்குப் பொருளில்லை, நீர் வெடிப்புக்குள் போய்விடும்.

ஒரு கட்டி, ஒரு கிண்ணம் மழைநீர்

செலவே இல்லாமல் இவ்வளவு சொல்லும் சோதனை வேறில்லை. எமர்சன் என்ற மண்ணியலாளர் 1967-இல் வகுத்த முறையின் எளிய வடிவம் இது. கடலை அளவுள்ள, காற்றில் நன்கு உலர்ந்த மண்கட்டியைக் கிண்ணத்தில் ஆட்டாமல் இடுங்கள். நீர் மழைநீராகவோ வாலை வடிநீராகவோ இருக்க வேண்டும். கிணற்று நீரில் உள்ள உப்பு களியைப் பிடித்து வைத்துக்கொண்டு குறையை மறைத்துவிடும்.

கட்டி அப்படியே நின்றால் மண்ணை மட்கும் பூஞ்சை இழைகளும் வேரும் பிணைத்து வைத்திருக்கின்றன. சில நிமிடங்களில் பொலபொலவென்று சரிந்து, நீர் தெளிவாகவே இருந்தால் அந்தப் பிணைப்பு போதவில்லை. உழவைக் குறைத்து, மூடாக்கிட்டு, வேர் இடைவிடாமல் இருக்கும்படி பயிர் மாற்ற வேண்டும். கரிசலில் இது ஓரளவு இயல்பு. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற வளையம் சில மணி நேரத்தில் படர்ந்தால் சோடியம் மிகுந்த களர் என்று ஐயப்பட வேண்டும். மழை பட்டதும் அந்த மண்ணின் களி பிரிந்து துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடாக இறுகும். புட்டிச் சோதனையைச் சலவைத்தூள் இல்லாமல் செய்து, நாள் கணக்கில் நீர் தெளியாவிட்டாலும் இதே ஐயம்தான்.

ஜிப்சம் இந்த மூன்றாவது மண்ணுக்கு மட்டுந்தான் மருந்து. அதன் கால்சியம் களியைப் பற்றியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டது நீரோடு கீழே போக வேண்டும். ஆகவே முதலில் வடிகால், பிறகு ஜிப்சம், பிறகு நீர் தேக்கி வடித்தல். இந்த வரிசையை மாற்றினால் சோடியம் அங்கேயே நிற்கும். அளவை ஆய்வக முடிவை வைத்தே முடிவு செய்யுங்கள். களியே இளகிவிடும் என்று எல்லா இறுகிய மண்ணுக்கும் ஜிப்சம் போடுவது காசைக் கொட்டுவது.

ஆய்வகத்துக்கு மாதிரி

1. நிறம், சரிவு, பயிர் வரலாறு மாறும் இடங்களைத் தனித்தனிப் பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி.
2. குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 முதல் 20 இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘V’ வடிவக் குழி வெட்டுங்கள். வரப்பு, மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். அண்மையில் உரமிட்ட வயலிலும் எடுக்காதீர்கள்.
3. குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில், சுமார் 2 செ.மீ., ஒரு சீவல் எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். மேலே தடித்து கீழே மெலிந்த சீவல் மேல்மண்ணின் சத்தை மிகைப்படுத்தும். துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களைச் சோதிப்பதானால் துருப்பிடித்த கருவியோ தகர வாளியோ கூடாது.
4. கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை தொடருங்கள். நிழலில் உலர்த்துங்கள். உரச்சாக்கில் கட்டாதீர்கள்.

மரப்பயிருக்கு 30, 60, 90 செ.மீ. வரையிலான அடுக்குகளைத் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

எண்களைப் படிப்பது

பிஎச் எனப்படும் கார அமில நிலையை முதலில் பாருங்கள். 6 முதல் 7.5 வரை பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றது. 5.5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். 7.5-க்கு மேலே மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும், இரும்பும் துத்தநாகமும் கரையாமல் கிடக்கும். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு வேறுபாடு என்பதால் 5-க்கும் 6-க்கும் உள்ள தொலைவைச் சிறிதென்று நினைக்கக்கூடாது. அமில மண்ணுக்குச் சுண்ணாம்புக்கல் தூள் போதும். நைசாக அரைத்ததுதான் வேலை செய்யும், அதற்கும் மாதங்கள் ஆகும். அம்மோனியா உரத்தோடு சேர்த்து இட்டால் தழைச்சத்து ஆவியாகும். களியும் மட்கும் கூடிய மண்ணுக்கு, அதே பிஎச் உள்ள மணலைவிடப் பல மடங்கு சுண்ணாம்பு தேவை.

எதிர்த்திசையில், சுண்ணாம்பு கலந்த கார மண்ணைக் கந்தகம் போட்டு மாற்றும் ஆசையைக் கணக்குப் போட்டுக் கைவிடுங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 800 டன். அதில் ஒரு விழுக்காடு சுண்ணாம்பு என்றால் 8 டன். அதைக் கரைக்கவே சுமார் 2.6 டன் கந்தகம் வேண்டும். ஏற்ற பயிரைத் தேர்ந்து, நுண்ணூட்டத்தை இலைவழி கொடுப்பது அறிவு.

உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனில் ஒரு பொறி இருக்கிறது. செறிவூட்டிய மண்பசைச் சாற்றில் (நீர் நிறையும்வரை குழைத்த மண்ணிலிருந்து பிரித்த நீரில்) அளந்தால் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் உவர் நிலத்தின் எல்லை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளந்தால் அதே மண் அதைவிட வெகுவாகக் குறைந்த எண்ணைத் தரும். எந்த முறை என்று கேட்காமல் மகிழவோ பதறவோ வேண்டாம்.

அங்ககக் கரிமத்தை 1.724-ஆல் பெருக்கினால் தோராயமான மட்கு அளவு கிடைக்கும். இதை ஒரே பருவத்தில் உயர்த்தித் தருவதாகச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். அந்த 800 டன்னில் ஒரு விழுக்காடு மட்கு கூட்ட 8 டன் நிலைத்த மட்கு வேண்டும். ஏக்கருக்கு 2 டன் தொழுஉரம் என்பது ஒரு கிலோ மண்ணுக்கு 2.5 கிராம், அதிலும் நீர் போக மிஞ்சும் கரிமத்தில் பெரும்பங்கை ஓரிரு ஆண்டில் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவாக மூச்சு விட்டுவிடும். வேரிலிருந்து வரும் கரிமம் மேலே இடும் தழையைவிட நீண்டகாலம் தங்கும். எனவே நிலத்தை வெறுமையாக விடாமல் ஏதாவது ஒரு வேர் இருக்கச் செய்வதே மலிவான வழி.

இடும் பொருளின் கரிம–தழைச்சத்து விகிதமும் முக்கியம். நுண்ணுயிர் தன் உடலுக்கு எட்டுப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என எடுத்து, மூச்சுக்கு மேலும் பதினாறு பங்கு கரிமத்தை எரிப்பதால், 24-க்கு 1 என்பது சமநிலை. வைக்கோல் 80-க்கு அருகில், மரத்தூள் சில நூறு. இவற்றை மண்ணில் புதைத்துக் கையோடு விதைத்தால் நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். நான்கு முதல் ஆறு வாரம் முன்பே புதையுங்கள், அல்லது மூடாக்காக மேலேயே விட்டுவிடுங்கள். பயறு வகைப் பசுந்தாள் 15 முதல் 20-க்குள் இருப்பதால் இந்தத் தொல்லை தராது.

மறுசோதனையை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே ஆழத்தில், அதே ஆய்வகத்தில் செய்யுங்கள். மணிச்சத்துக்கு ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கு. பிரே முறை அமில மண்ணுக்கு. ஒரு முறையில் வந்த எண்ணை மற்றதோடு ஒப்பிட்டால் மண் மாறாமலே மாறியதாகத் தெரியும்.