மலையில் வீடு வாங்கி வாடகைக்கு விட ஆசையா? இடம் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜாவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் மே மாத விடுமுறைக்கு வந்திருந்தார். குடும்பத்தோடு கொடைக்கானல் போய், வில்பட்டி பக்கம் ஒரு காட்டேஜில் நாலு நாள் தங்கினோம். காலையில் பால்கனியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்க இளவெயில். மூன்றாம் நாளே அண்ணன் ஒரு புரோக்கரிடம் பேச ஆரம்பித்துவிட்டார். "வருஷத்துல பத்து நாள் நாம தங்கிக்கலாம் தம்பி. மீதி நாள் வாடகைக்கு விட்டா வீடே கடனை அடைச்சிடும்" என்றார்.

எண்பது லட்சம் விலை, ஐந்து லட்சம் அட்வான்ஸ் என்பது வரை பேச்சு போய்விட்டது. நவம்பர் வரை பொறுங்கள் என்று நான்தான் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தில் நானும் அண்ணியும் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நமக்குத் தங்கப் பிடித்த ஊர் வேறு, அடுத்தவர்கள் காசு கொடுத்துத் தங்க வந்துகொண்டே இருக்கும் ஊர் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

சீசனில் பார்த்துவிட்டு விலை பேசுவது

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அதே காட்டேஜுக்குப் போனோம். வாடகை பாதிக்கும் கீழே. பால்கனிக் கதவைத் திறந்தால் வெள்ளையாக மூடுபனி மட்டும்தான், எதிரே பள்ளத்தாக்கு இருப்பதே தெரியவில்லை. அலமாரியில் பூஞ்சை வாடை. தலையணை உறை தொட்டால் ஜில்லென்று ஈரமாக இருந்தது. அந்தச் சரிவில் பன்னிரண்டு காட்டேஜ் இருக்கின்றன, விளக்கு எரிந்தது எங்களுடையதில் மட்டும். டீ கொண்டுவந்த வாட்ச்மேனிடம் கேட்டோம். "செவ்வாய், புதன்னா இப்படித்தான் சார். சனிக்கிழமை நாலு வண்டி நிக்கும்" என்றார்.

கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரைதான் உண்மையான சீசன். அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ் விடுமுறைகள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நடுவில் புகுந்துவிடும். குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். அதிலும் அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அறைகள் காலியாகிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளும் புதுச்சேரியும் சனி, ஞாயிறை நம்பிப் பிழைக்கின்றன. ராமேஸ்வரத்தில் ஆண்டு முழுக்கக் கூட்டம் உண்டு, ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அலைமோதும். ஆனால் அங்கே வருகிறவர்கள் ஒரு ராத்திரி தலைசாய்க்க அறை தேடுகிறவர்கள், பெரிய தோட்ட வீட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது தெரியாமல் விலை பேசக் கூடாது.

விற்கிறவர் போடும் கணக்கு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். நாளைக்கு 6,000 ரூபாய், 365 நாள், ஆக மொத்தம் 21 லட்சத்துக்கு மேல். நாங்கள் போட்ட கணக்கைச் சொல்கிறேன். வருடத்தில் வெள்ளி, சனி இரவுகள் மொத்தம் 104. மழைக்காலத்தில் சில போகும், மே மாதத்தில் சில கூடும். தோராயமாக 100 இரவு, சராசரி 5,000 ரூபாய் என்றால் 5 லட்சம். அதில் பராமரிக்கும் ஆளுக்கு மாதம் 12,000 வீதம் 1.44 லட்சம், புக்கிங் தளங்களின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 75,000, மின்சாரம், கேஸ், சலவை, தண்ணீர் லாரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சம், பெயின்ட் பிளம்பிங் வகையில் 50,000. கையில் நிற்பது 1.31 லட்சம். எண்பது லட்சம் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம் சேர்த்தால் 87 லட்சம் ஆகிறது. அறுபது லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டிக்கு இருபது வருடத் தவணை மாதம் சுமார் 54,000. வீடே கடனை அடைக்கும் என்ற பேச்சு அன்றோடு நின்றது.

உங்கள் ஊருக்கு இந்தக் கணக்கு மாறலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் நீங்கள் வாங்க நினைப்பது போன்ற பத்து வீடுகளைக் குறித்துக்கொண்டு, போன ஒரு வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள், எந்தெந்த மாதத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். காலண்டரில் தேதி அடைபட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், உரிமையாளரே தனக்காக அடைத்து வைத்திருக்கலாம்.

அரசும் நீதிமன்றமும் போட்ட கட்டுப்பாடுகளை விசாரிக்காமல் விடுவது

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நமக்கு வருமானம் வரும் அதே வார இறுதியில், அதே மே மாதத்தில்தான் இந்த வரம்பும் வந்து நிற்கிறது. மலை தாங்கும் அளவுக்குத்தான் கூட்டம் வர வேண்டும் என்பது என் கருத்தும்கூட. ஆனால் வீடு வாங்குகிறவர் இதைக் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் மசினகுடி பகுதியைப் பாருங்கள். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடம் என்று 2010இல் அரசு அறிவித்தது. 2011இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2018இல் வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளைப் பூட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2020 அக்டோபரில் அறிவிப்பு செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. பத்து வருடம் வழக்கு நடந்தபோதும் அங்கே இடம் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு, பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்புகிற ஆள் அதற்குள் வந்து சேர்வது கஷ்டம்.

பட்டா இருக்கிறதே என்று திருப்தி அடைவது

நான் அதிகம் கவலைப்படுவது இந்த விஷயத்தில்தான். மலையில் பட்டா இருந்தால் மட்டும் போதாது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று பல மலைக் கிராமங்கள் 'ஹாக்கா' எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகின்றன. வீடு கட்ட, மனை பிரிக்க எல்லாவற்றுக்கும் தனி அனுமதி வேண்டும். ஜேசிபி வைத்து மண் எடுக்கவும், ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டுப்பாடு உண்டு. காப்பி எஸ்டேட்டைக் கூறு போட்டு 'ஐந்து சென்ட் காட்டேஜ் மனை' என்று விற்கிறார்களே, அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மனைப்பிரிவுக்கு அனுமதி எண் என்ன என்பது. தமிழ்நாட்டில் அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 தான் வரம்பு நாள். அதற்குப் பிறகு பிரித்த மனையை "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம் சார்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கூடலூர் பக்கம் 'செக்ஷன் 17 நிலம்' என்ற சொல் டீக்கடையில்கூடக் காதில் விழும். ஜன்மிகள் எனப்பட்ட பழைய பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில், அவர்கள் குத்தகைக்கு விட்ட தோட்ட நிலங்களைப் பற்றிய, இன்னும் தீராத பிரிவு அது. வேறு சில இடங்களில் 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பாயும், ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. பஞ்சமி நிலமா, கோயில் நிலமா என்பதையும் 'அ' பதிவேட்டில் பார்த்துவிட வேண்டும். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டு, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் நின்று எல்லை பாருங்கள்.

கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் கட்டட அனுமதியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். 'குடியிருப்பு' என்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்தியதற்காகக் கொடைக்கானலில் கட்டடங்களுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். அண்ணனுக்குக் காட்டிய வீட்டின் வரைபடத்தில் ஒரு தளம்தான் இருந்தது, நேரில் இரண்டு தளம். கேட்டதற்கு, "இங்க எல்லாருமே அப்படித்தான் கட்டியிருக்காங்க" என்று புரோக்கர் பதில் சொன்னார். தேசிய வங்கி ஒன்றில் கடன் கேட்டு மனுப் போட்டுப் பாருங்கள், உங்களுக்குக் கடனே வேண்டாம் என்றாலும். வங்கி வக்கீல் கேட்கும் தாள்களில் எது இல்லையோ அதுதான் பிரச்சினை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. பூர்வீகமாக வந்தால் வேறு விஷயம். அண்ணனுக்கு அடுத்ததாகக் காட்டிய அரை ஏக்கர் காப்பித் தோட்ட வீடு இதில்தான் அடிபட்டது. புரோக்கர் இதைச் சொல்லவே இல்லை. "அண்ணி பேர்ல வாங்கிடலாமே" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். இங்கேயே சேலத்தில் இருக்கும் அண்ணிக்கு இந்தத் தடை இல்லை என்பதால்தான் அப்படிச் சொல்கிறார் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

கடற்கரைக்கு வந்தால் சட்டம் வேறு, விசாரிக்கிற முறை அதேதான். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, அலை உச்சமாக ஏறி வந்து தொடும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை பாயும். கிராமப்புறக் கரையில் பல இடங்களில் முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்டவே முடியாது. மாமல்லபுரத்தில் அதோடு தொல்லியல் சட்டமும் சேரும். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் செங்கல் வைக்கலாம். இசிஆரில் கேட்டட் கம்யூனிட்டி வில்லா வாங்குகிறவர்கள், தினவாடகைக்கு விட அசோசியேஷன் விதி இடம் கொடுக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீச்சல் குளம் வைத்த வில்லாவில் சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். உப்புக் காற்றில் ஏசியும் ஜன்னல் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், பராமரிப்புச் செலவை மலையைவிடக் கூட்டியே போடுங்கள்.

சரிவு, தண்ணீர், சாலை

'வியூ' நல்லா இருக்கிற இடம் பெரும்பாலும் சரிவின் விளிம்பில் இருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களே போய்விட்டன. வீட்டுக்கு மேலே யார் மண் வெட்டியிருக்கிறார்கள், ஓடை எந்த வழியாக இறங்குகிறது, தாங்கு சுவரில் விரிசல் இருக்கிறதா என்று மழை பெய்யும் நாளில் நின்று பாருங்கள். நம்மை நம்பிக் குழந்தை குட்டியோடு வந்து தூங்குகிறவர்களின் உயிர் அது. லாபக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீரைப் பற்றி விற்கிறவரிடம் கேட்காதீர்கள், தண்ணீர் லாரி டிரைவரிடம் கேளுங்கள். ஏப்ரலில் அந்தத் தெருவுக்கு வாரம் எத்தனை லோடு ஊற்றுகிறார் என்று அவருக்குத் தெரியும். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை வழி யாருடையது என்பதையும் பத்திரத்தில் பார்க்க வேண்டும். ஒரு டெம்போ டிராவலர் திரும்ப இடம் இல்லையென்றால் பெரிய குடும்பங்கள் வராது.

நாம் போக முடியாத தூரத்தில் வாங்குவது

சாவி தொலைந்தால், கீசர் வெடித்தால், விருந்தினர் ராத்திரி பதினொரு மணிக்கு வழி தெரியாமல் நின்றால் யார் போவது? வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் நம்பகமான ஒரு ஆள் கிடைப்பாரா என்பதைப் பொறுத்தும் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு விருந்தினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அரசுக்கு இணையத்தில் பதிவேற்ற வேண்டும், அதற்கும் பொறுப்பான ஆள் வேண்டும். அண்ணி இருப்பது சேலத்தில். கொடைக்கானல் போய்ச் சேர அவருக்கு அரை நாள் ஆகும், ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒரு மணி நேரம்.

இதையெல்லாம் பார்த்த பிறகு அண்ணன் எதையும் வாங்கவில்லை. ஏற்காட்டில், முறையான அனுமதியோடு கட்டிய இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எடுத்து, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு தினவாடகைக்கு விட்டுப் பார்க்கிறார். அண்ணி ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறார். எந்தத் தேதிக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எத்தனை பேர், என்ன குறை சொன்னார்கள், செலவு என்ன. மே மாதப் பக்கங்கள் நிரம்பி வழிகின்றன. ஜூலையில் பாதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நவம்பர் முடிந்த பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்.